கல்லால் தீர்ந்த கணக்கு



1940 ஏப்ரல் 9இல் ஜேர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. டென்மார்க்கின் குடியேற்ற நாடாயிருந்த கிறீன்லாந்துக்கு இங்கிருந்து கப்பல் போவது நின்றது. அங்கிருந்த நிர்வாகம் அத்தியாவசியச் சாமான்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் வாங்கவேண்டி வந்தது. காசுக்கு எங்கே போவது? இவிட்டூட் சுரங்கத்துக் கிறையோலைற் கைகொடுத்தது. விமானங்களுக்கான அலுமினியம் உற்பத்திக்கு அந்தக் கல் தேவைப்பட்டது. அதை விற்றுத்தான் சாமான்களுக்குக் காசு கட்டினார்கள்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் கடைக் கொப்பியில் கடன் எழுதிச் சீவித்தவன் நான். கணக்குத் தீர்வதன் நிம்மதி எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தக் கணக்கைத் தீர்த்தது கிறீன்லாந்து மக்களின் மண். கனிமவள உரிமை அவர்களுக்கு 2009இல்தான் கிடைத்தது. அந்தச் சுரங்கமோ 1987இலேயே மூடப்பட்டுவிட்டது.