செங்கல் சுமந்தவர்களின் நகரம்



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்த உரையில் இம்முறை கட்டடங்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். நிலம், கல்வி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது கட்டடம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நகரத்தின் நினைவில் யாருக்கு இடம் என்பதும் நில உரிமைக் கேள்விதான். இதுவே எங்கள் பதில்.

1639 ஆகஸ்ட் 22ஐ நகரம் பிறந்த நாளாகக் கொண்டு, 2004 முதல் ஆண்டுதோறும் மெட்ராஸ் தினம் கொண்டாடப்படுகிறது. மரபு நடை போகிறார்கள், படக் கண்காட்சி வைக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தையும் எழும்பூர் ரயில் நிலையத்தையும் ரிப்பன் கட்டடத்தையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நாமும் பார்க்கிறோம். அவை இடிந்து போகவேண்டும் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. 1913இல் திறந்த ரிப்பன் கட்டடத்தை வரைந்தவர் ஹாரிஸ் என்றும், கட்டியவர் லோகநாத முதலியார் என்றும் நடையில் சொல்வார்கள். சுண்ணாம்பு அரைத்த பெண்களும் செங்கல் சுமந்தவர்களும் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். நிலமில்லாத கூலிகளும் பண்ணையாட்களும்தான் முதலில் விழுந்தார்கள். அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு கொஞ்சம் சில்லறை. மருத்துவ அதிகாரிகளே கண்டித்த பிறகு சில மாதங்களில் அது உயர்த்தப்பட்டது. வெட்டி முடித்த கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கிடைத்தது. பசியோடு மண் அள்ளியவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு கல்வெட்டுகூட இல்லை.

பின்னாளில் அதே கரையில் நம் மக்கள் குடிசை போட்டார்கள். 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. கரையிலிருந்த குடும்பங்கள் அடுத்தடுத்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. நாங்கள் கண்ணகி நகரில் சந்தித்த ஒரு பாட்டி, பழைய விலாசம் போட்ட ரேஷன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். "இது எதுக்கும் செல்லாது கண்ணு, ஆனா நாங்க அங்க இருந்தோம்னு இது ஒண்ணுதான் சொல்லுது" என்றார். தூண் இறங்கியபோது கால்வாயும் மரபு என்று நகரத்துக்குத் தோன்றவில்லை. கரையில் இருந்தவர்களை மட்டும் ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள்.

பெரம்பூரின் பின்னி ஆலைகளுக்கும் இதே கதிதான். பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1996இல் மூடப்பட்டன. 1921 வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் புளியந்தோப்புக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். தொழிற்சங்க வரலாறு பெரும்பாலும் அவர்களைக் கருங்காலிகள் என்றே எழுதியது. சாதி வசவும் பசியும் சேர்ந்து அழுத்திய ஒருவன் எந்த முடிவை எடுத்திருக்க முடியும் என்று கேட்க அங்கே ஒரு நினைவிடம் இருந்திருக்க வேண்டும்.

நமக்கும் மண்டபம் கட்டியிருக்கிறார்களே என்று சொல்லலாம். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும், 2023இல் திறக்கப்பட்டு அயோத்திதாசப் பண்டிதருக்கும் மணிமண்டபங்கள் இருக்கின்றன. அவை போராடிப் பெற்றவை, மகிழ்ச்சி. ஆனால் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது இராயப்பேட்டையில். அந்தத் தெருக்களில் நின்று, இங்கேதான் அச்சு ஓடியது என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் காட்ட நமக்கு என்ன மிச்சம்? சிலையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நடந்த இடத்தை இன்னோர் இடத்தில் வைக்க முடியாது.

மும்பை தாதரில் அண்ணல் அம்பேத்கரின் அச்சகம் இருந்த அம்பேத்கர் பவன் 2016 ஜூனில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. அண்ணலின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், பெயரில்லாத நம் சாவடிக்கும் இரவுப் பள்ளிக்கும் மாணவர் விடுதிக்கும் எவ்வளவு ஆயுள்?

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு சேரியிலும் மூத்தவர்களை உட்கார வைத்து, எந்த இடத்தில் என்ன இருந்தது என்று பதிவு செய்வோம். இதை மாணவர்கள் அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம். இரண்டாவது, அரசின் மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கவேண்டிய நம் இடங்களைப் பெயர், சான்றோடு மனுவாகக் கொடுப்போம். 2012இல் மரபு ஆணையத்துக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கும்போது கேட்காமல் இருப்பது நம் தவறாகிவிடும். மூன்றாவது, அடுத்த ஆகஸ்டில் கால்வாய்க் கரையில் நாமே ஒரு நடை போவோம். கண்ணகி நகரிலிருந்து பாட்டிகளை அழைத்து வருவோம். அன்று வழிகாட்டிகள் அவர்கள், கேட்டு எழுதிக்கொள்பவர்கள் நாம்.

மறைந்த தோழர் வாழ்ந்த வீடும் இன்று இல்லை. அது இருந்த தெரு இருக்கிறது. அங்கிருந்தே நம் முதல் பதிவைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.