வேகம் ஏறும், சுருதி ஏறாது



டொராண்டோவிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் ஹாலிபர்ட்டன் பக்கம் வரும். தை, மாசியில் அங்கே ஏரிகள் கெட்டியாக உறைந்து கிடக்கும். கரையில் நின்றால் ஸ்னோமொபைல்களின் இரைச்சல்தான். பெரும்பாலானவை வேகம் கூடக்கூட வீறிட்டுக்கொண்டு போகும், நடுவில் திணறும், மறுபடி வீறிடும். அபூர்வமாக ஒரு வண்டி வரும். முழு விசையில் கிளம்பியதும் ஒரு சுருதியைப் பிடிக்கும். ஏரியின் மறுகரை வரை அதே சுருதி. வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியிருக்கும், எஞ்சின் ஒலி மட்டும் தம்புரா போல நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் கிளட்ச்சை யாரோ காது கொடுத்துக் கேட்டுச் சரிசெய்திருக்கிறார் என்று அர்த்தம். இன்றைக்கு அந்தக் கைவேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கிளட்ச் என்றதும் காரின் இடது மிதியை நினைக்க வேண்டாம். ஊரில் ஸ்கூட்டி பெப்போ ஆக்டிவாவோ ஓட்டியவர்களுக்கு இது பழகிய சங்கதி; ஸ்கூட்டரில் இருப்பதன் பெரியண்ணன் இது. இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் பெல்ட். ஒவ்வொரு கப்பியும் முகத்துக்கு முகம் வைத்த இரண்டு சரிவான தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். விலகினால் அச்சுக்கு இறங்கும். எஞ்சின் பக்கத்தில் ஏற ஏற, மறுபக்கத்தில் இறங்கும். கியர் பெட்டி படிப்படியாகச் செய்வதை இது வழுக்கிக்கொண்டே செய்துவிடுகிறது.

இதில் ஏன் இவ்வளவு நுணுக்கம் வேண்டும்? 800 சிசி அளவிலான இரு வீச்சு எஞ்சின்கள் தம் முழு பலத்தைத் தருவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,000 சுற்றில், அதுவும் ஒரு குறுகிய இடைவெளியில். சில நூறு சுற்று கீழே வந்தாலே சோம்பல் தட்டும். மேலே போனால் சத்தம் கூடும், இழுவை குறையும். பனி இளகட்டும், இறுகட்டும், பின்னால் ஆள் ஏறட்டும், எஞ்சின் அந்த 8,000-ஐ விட்டு நகரக் கூடாது. கிளட்ச்சுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

எஞ்சின் பக்கக் கப்பிக்குள் சின்ன உலோக எடைகள் தொங்குகின்றன. சுழற்சியில் அவை வெளியே வீசப்பட்டுத் தட்டை நெருக்கும். ஒரு ஸ்பிரிங் அவற்றை எதிர்த்து நிற்கும். எடை கூடினால் பெல்ட் சீக்கிரம் ஏறி எஞ்சின்மேல் சுமை விழும், சுற்று இறங்கும். எடையைக் குறைத்தால் சுற்று ஏறும். ஒன்றிரண்டு கிராமே நூறு, இருநூறு சுற்றை மாற்றிவிடும். அதனால்தான் இந்தக் கைவேலைக்காரர்களின் பட்டறையில் நகைக்கடைத் தராசு இருக்கிறது. கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் அப்புவார், தட்டுவார், கேட்பார், சிட்டிகையளவு கிள்ளி எடுப்பார். அங்கேயும் கனம் கூடினால் ஒலி இறங்கும். இயற்பியல் வேறு, கையின் பொறுமை ஒன்றுதான்.

என்னைக் கேட்டால் அழகெல்லாம் இரண்டாவது கப்பியில்தான் இருக்கிறது. அதற்குள் திருகுபோலச் சரிந்த ஒரு பாதை உண்டு, ஹீலிக்ஸ் என்பார்கள். வண்டி ஆழமான பனியில் இறங்கி இழுவைக்குத் திணறும்போது, அந்தத் திணறலே தட்டை அந்தச் சரிவில் முறுக்கிப் பெல்ட்டை நெருக்குகிறது. பெல்ட் மேலேறி, வண்டி தானாகத் தாழ்ந்த கியருக்கு வந்துவிடுகிறது. கணினியும் இல்லை, கட்டளையும் இல்லை. சுமையைத் தூக்கிக்கொண்டே சுமையை அளக்கும் தராசு அது. சரிவின் கோணம் அதிகமானால் பெல்ட் விரைந்து மாறும், ஆனால் திரும்பி வரத் தயங்கும். மரங்களுக்கிடையே வளைந்து போகிறவருக்கும் ஏரியில் நேர்கோட்டில் பறக்கிறவருக்கும் ஒரே கோணம் ஒத்துவராது.

மலைக்குப் போனால் கணக்கே வேறு. 300 மீட்டர் ஏறினால் எஞ்சின் ஏறக்குறைய 3 சதவீத பலத்தை இழக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் 1,800 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஏரிக்குப் பொருந்திய எடை அங்கே பாரமாகிவிடும், குறைத்தே ஆக வேண்டும். ஸ்கி-டூ வண்டிகளில் நெடுங்காலம் வந்த டிஆர்ஏ கிளட்ச்சில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஆறு நிலைகள் கொண்ட திருகிகள், ஒரு நிலைக்குச் சுமார் 200 சுற்று. கிளட்ச்சைக் கழற்றாமல், பனியில் முழங்காலிட்டபடியே மாற்றிவிடலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் அடைத்து விற்கும் ‘கிட்’டை வாங்கி மாட்டினால் வண்டி பறக்கும் என்று நம்புகிறவர்கள் அநேகம். தேய்ந்த புஷ், தளர்ந்த ஸ்பிரிங், தட்டில் படிந்த பெல்ட் தூசி, இவற்றின்மேல் எந்தக் கிட்டை மாட்டினாலும் பாழ்தான். விஸ்கான்சின்காரர் ஓலாவ் ஆன் எழுதிய கிளட்ச் கையேட்டை இந்தத் துறையினர் இன்னும் புரட்டுகிறார்கள். அதைப் படித்த திமிரில் நானே ஒருமுறை ஸ்பிரிங்கையும் எடையையும் ஒரே நாளில் மாற்றினேன். சுற்று சரியாக வந்தது. எது சரிசெய்தது என்று இன்றுவரை தெரியாது. அன்று மாலையே பெல்ட் கிழிந்து, மாற்றுப் பெல்ட் வீட்டில் இருந்ததால் நடந்து வந்தேன்.

நல்ல கைகாரர்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். கறுப்பு மார்க்கரால் தட்டின் முகத்தில் அச்சிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுவார்கள். ஏரியில் ஒரு முழு ஓட்டம். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, முதலில் தட்டின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்கள். வழுக்கி வீணான பலம் அங்கே வெப்பமாக இருக்கும். பிறகு கோடு. பெல்ட் தொட்ட இடம் வரை அது அழிந்திருக்கும். விளிம்பில் கால் அங்குலம் கறுப்பு மிச்சமிருந்தால், பெல்ட் ஏறாமல் விட்ட தூரம் அவ்வளவு. மறுபடி தராசை எடுப்பார்கள்.