கற்ற தொழில் ஊர் தாண்டட்டும்

  

சான்றிதழ் வாங்க வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, இந்த மேடைக்குப் பின்னால் 'இலவசப் பயிற்சி' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லூரி மாணவன் வகுப்புக்குப் போனால் வீட்டில் உலை கொதிப்பது நிற்காது. நீங்கள் வகுப்புக்கு வந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போயிற்று. காட்டு வேலை, தோட்ட வேலை, சித்தாள் வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தீர்கள். அதைக் கட்டணம் என்று நீங்களும் சொல்லவில்லை, நாங்களும் எழுதிவைக்கவில்லை. அவ்வளவுதான்.

உள்ளே வரும்போது நீங்கள் தைத்து வைத்திருந்த ரவிக்கைகளைப் பார்த்தேன். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். என் அம்மா தையல்காரர். துணியின் நல்ல பக்கத்தைப் பார்ப்பவன் வாங்குபவன், உள்பக்கத்தைப் பார்ப்பவன் தொழில் தெரிந்தவன் என்பார். காஜா எடுத்த இடத்தில் ஒரு பிசிறு இல்லை. கழுத்துக்குப் பைப்பிங் வைத்ததில் ஒரு சுருக்கம் இல்லை. சேலம் டவுனில் கடை போட்டால் தாராளமாக விலை போகும் வேலை.

நம் நாட்டில் உழைப்பவர்களில் முறையாகத் தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.69 விழுக்காடு என்று 2015-ல் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுக் கொள்கை சொன்னது. தென்கொரியாவில் 96 விழுக்காடு என்று அதே அறிக்கை சொன்னது. மீதி இந்தியர்களுக்கெல்லாம் தொழில் தெரியாது என்றா அர்த்தம்? கொத்தனாருக்கும் கொல்லருக்கும் தெரியாத தொழிலா? அவர்கள் கையில் இருந்தது காகிதத்தில் ஏறவில்லை. இன்று உங்களுக்கு ஏறுகிறது.

இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. அதைப் பார்த்துத்தான் 2009-ல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒரு சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று வங்கிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. நம் சேலத்தில் அதை இந்தியன் வங்கி நடத்துகிறது. அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. பயிற்சி சில வாரங்கள்தான். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றவரைப் பின்தொடர்ந்து கேட்க வேண்டும். கடன் கிடைத்ததா, கடை திறந்தாயிற்றா, கடன் அடைபடுகிறதா என்று விசாரிக்க வேண்டும். எந்தப் பயிற்சியானாலும் இந்த இரண்டு வருடம்தான் உயிர்நாடி.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என்னை அறிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். முன்வரிசையில் இப்போதே சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் இளம் வங்கி அதிகாரி. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த இயக்கம், கூடவே பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தது. பல ஆயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலமானால் ஊர்ப் பொட்டலில் ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாள், நாலு பேர் கேலி செய்வார்கள். ஒரு மாதத்தில் கேலி செய்தவர்களின் மனைவிமார்களே ஓட்டினார்கள்.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. அதற்காக அவர்கள் நிற்கவில்லை, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன் பாரில் குழந்தை, கேரியரில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம். அந்தப் பார் குழந்தை உட்கார வசதி என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பூக்கட்டும் பெண் தன் பூவை வியாபாரியிடம் கொடுக்காமல் தானே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனாள். கல்குவாரியில் குழுவாகக் குத்தகை எடுத்த பெண்களுக்கும் சைக்கிள் கை கொடுத்தது.

சைக்கிள் கடனுக்கு நான் எழுதிய பரிந்துரையை மேலதிகாரி ஒருவர் திருப்பி அனுப்பினார். 'சைக்கிள் வருமானம் தரும் சொத்து அல்ல' என்று சிவப்பு மையில் குறிப்பு. தையல் மெஷின் என்றால் கையெழுத்துப் போட்டிருப்பார். தைத்த துணி தானாக நடந்து சந்தைக்குப் போகும் என்று நினைத்தார் போலும்! அன்று பிடித்த கிறுக்கு எனக்கு இன்னும் விடவில்லை. தொழில் கற்றவருக்கு முதல் கருவி சக்கரம் என்பதே என் கட்சி.

நான் கல்லூரியில் படித்தபோது சைக்கிள் வாடகை மணிக் கணக்கு. நாங்கள் மூன்று பேர் ஒரு வண்டியை எடுத்து ஆளுக்கு இருபது நிமிடம் ஓட்டுவோம். ஆண்பிள்ளை என்பதால் எவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சலுகையின் மதிப்பு புதுக்கோட்டையில்தான் எனக்குப் புரிந்தது. சரி, பழங்கதை போதும்.

நாம் கூடியிருக்கும் இந்தக் குப்பனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி, அதில் ஒன்று இது. அடிவாரம் வழியில் மண் சரிந்தால் வண்டிகளை இந்தப் பக்கம்தான் திருப்பிவிடுகிறார்கள். மலைக்கும் டவுனுக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் வாய்த்தும், மலைமேல் கொட்டச்சேடு பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த சகோதரி கடைசி பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். இருநூறு வருடமாகப் பழம் பறிக்கும் கை மேலே இருக்கிறது, விலை பேசும் வாய் வேறெங்கோ இருக்கிறது. மலையில் மிளகும் தேனும் எடுப்பவருக்கும் இதே கதைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடி மக்களிடையே 54. பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி தூரம், சந்தை தூரம். இந்தத் தூரத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகத்தாருக்கு ஒரு கோரிக்கை. எந்தப் பயிற்சியானாலும் அதோடு இருசக்கர வாகனம் ஓட்டப் பழக்குவதையும், எல்.எல்.ஆர். போட்டு லைசென்ஸ் வாங்கித் தருவதையும் சேருங்கள். மலைப்பாதையில் கியர் மாற்றி இறங்குவது தனி வித்தை, அதையும் முறையாகச் சொல்லிக்கொடுங்கள். வங்கி நண்பர்களே, தையல் மெஷினுக்குக் கடன் கேட்பவர் வண்டிக்கும் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, தண்டல்காரரிடம் போகாதீர்கள். முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும், வங்கிப் படியேறிக் கேளுங்கள். ஒரு முறை இல்லை என்றால் மறுமுறை போங்கள். இரண்டாவது, பயிற்சி நிலையத்திலிருந்து உங்களைத் தேடி யாரும் வராவிட்டால் நீங்களே போய், எங்களை ஏன் விசாரிக்கவில்லை என்று கேளுங்கள். மூன்றாவது, கணவரோ தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாரிடமாவது வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். தை பிறப்பதற்குள் உங்கள் கையில் லைசென்ஸ் இருக்கட்டும்.