சீனா கோடு போட்டு வைத்திருக்கிறது. நம்ம நிலத்துக்கு எங்கே கோடு?



"நாட்டுல சாகுபடி நிலம் குறையவே இல்லையே" என்று நம்மிடம் சொல்கிறவர்கள் உண்டு. மொத்தக் கணக்குப்படி அது சரிதான். 1950-51ல் இந்தியாவின் நிகர சாகுபடிப் பரப்பு சுமார் 11.9 கோடி ஹெக்டேர். 1970-71ல் 14 கோடியைத் தொட்டது. அதுக்கப்புறம் ஐம்பது வருஷமா ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

ஆனா மாநிலம் மாநிலமா பிரிச்சுப் பாருங்க. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பரப்பு கூடியது. தமிழ்நாட்டில் 1970-71ல் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இன்றைக்கு 50 லட்சத்துக்கும் கீழே. ராஜஸ்தான் மானாவாரிக் காடும் நம்ம ஆற்றுப் பாசன நஞ்சையும் அந்தக் கணக்கில் ஒரே ஹெக்டேர்தான்! எல்லாமே ரோட்டுக்கும் மனைக்கும் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணியில்லாம, விலையில்லாம, ஆள் கிடைக்காம நாமே தரிசா போட்டது பெரும்பகுதி. தரிசாக் கிடந்தா அடுத்து வர்றவன் மனைக்கல் நடுறான், அது நமக்குத் தெரிஞ்ச கதை.

இப்போ சீனாவைப் பார்ப்போம். அங்கே நிலத்தை 'மூ' கணக்கில் அளப்பார்கள். ஒரு மூ நம்ம பதினாறரை சென்ட், ஆறு மூ சேர்ந்தா ஒரு ஏக்கர். 2006ல் சீன அரசு ஒரு சிவப்புக் கோடு போட்டது: விளைநிலம் 180 கோடி மூவுக்கு, அதாவது 12 கோடி ஹெக்டேருக்குக் கீழே போகக் கூடாது. 2009 கடைசியில் அளந்தபோது 13.54 கோடி ஹெக்டேர் இருந்தது. 2019 கடைசியில் திரும்ப அளந்தார்கள், 12.79 கோடி. பத்தே வருஷத்தில் 75 லட்சம் ஹெக்டேர் காலி. தமிழ்நாடு மொத்தமும் சாகுபடி செய்கிற பரப்பைப் போல ஒன்றரை மடங்கு! அதில் பெரும்பகுதி மரமும் பழத்தோட்டமும் ஆகிவிட்டது என்று அந்த நாட்டு அரசே சொன்னது. பிறகு பிடியை இறுக்கினார்கள். 2021க்குப் பிறகு பரப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறுவதாக அவர்கள் கணக்குச் சொல்கிறது.

அதுக்காக அங்கே எல்லாம் சுகம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அங்கே விவசாயிக்கு நிலம் சொந்தமே கிடையாது, ஊர்க் கூட்டுடைமை. குவாங்டாங் மாகாணத்தில் வூக்கான் என்று ஒரு கிராமம் (கொரோனா வந்த ஊர் வேற, இது வேற). நிலத்தை விற்றுவிட்டார்கள் என்று 2011ல் ஊரே திரண்டு போராடியது. கட்டடத்துக்கு எடுத்த நிலத்துக்கு ஈடா வேறு நிலம் திருத்தணும் என்ற விதியிலும், வயலை எடுத்துக்கிட்டு மலைச்சரிவைக் கணக்கு காட்டிய வேலை நடந்திருக்கிறது.

ஆனாலும் அங்கே ஒரு கோடு இருக்கு. குறைஞ்சா குறைஞ்சதுன்னு அளந்து சொல்றாங்க.

நமக்குக் கோடே இல்லையா? 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் 10ஆம் பிரிவு இருக்கிறது. பாசன வசதியுள்ள பலபோக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம், எடுத்தா அதே அளவு தரிசைத் திருத்தணும், இல்லேன்னா அந்த நிலத்தின் மதிப்பை அரசில் கட்டணும். சாலை, ரயில் பாதைக்கு இது பொருந்தாது, அது முதல் ஓட்டை. தமிழ்நாட்டில் இன்னொன்று: 1997 தொழில் நோக்கச் சட்டம், 2001 நெடுஞ்சாலைச் சட்டம் இரண்டுக்கும் விலக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். 2019ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021ல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இனி சட்டமன்றம்தான் மாற்றணும்.

அதனால் வருகிற கிராம சபையில் ஊருக்கு ஊர் இரண்டு தீர்மானம் போடுங்க. தொழிலுக்கு எடுக்கிற நிலத்துக்கும் 10ஆம் பிரிவு பொருந்தணும். நஞ்சை, புஞ்சை, தரிசு எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற கணக்கை ஒவ்வொரு பசலி முடிவிலும் ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கணும். வரும்போது பட்டா நகலோடு அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வாசிச்சுக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்க.