ஆயா என்றொரு சொல்

(பிரம்மதேசத்தில் பெண் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அங்கன்வாடியில் அடுப்பு மூட்டி, குழந்தையின் மூக்கைத் துடைத்துக் கால் கழுவி விடுகிறாளே, அவளையும் ஆயா என்றுதான் அழைக்கிறோம். அவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? சொல் ஒன்று, மரியாதை இரண்டு. இது எப்படி வந்தது?

நாங்கள் பத்தாவதோடு நின்றவர்கள். மொழி ஆராய்ச்சி செய்ய வரவில்லை. சொல்லுக்குள் எவ்வளவு கூலி மறைந்திருக்கிறது என்று பார்க்கவே வந்தோம்.

இரண்டாவது ஆயா கப்பலேறி வந்த சொல். போர்ச்சுகீசிய மொழியில் பிரபுக்கள் வீட்டுக் குழந்தைகளை வளர்த்துக் கல்வி சொல்லும் மாதுக்கு அப்பெயர். இங்கே வெள்ளைக்காரன் பங்களாவில் அது வேலைக்காரியின் பெயராயிற்று.

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் 'கவர்னெஸ்'. ஆதியில் அச்சொல்லுக்கு ஆளுகிறவள் என்று பொருள். விக்டோரியா ராணி காலத்தில் அவள் எதை ஆண்டாள்? பிறர் பிள்ளையின் பாடப் புத்தகத்தை! 1847-ல் சார்லட் பிரான்டி எழுதிய 'ஜேன் ஐர்' நாவலில் அவளுக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுன். எஜமானியின் பந்தியிலும் சேர்த்தியில்லை. வேலைக்காரர் பந்தியிலும் சேர்த்தியில்லை. 'சீமாட்டி' என்ற பட்டத்தைக் கொடுத்துக் கூலியைக் குறைத்தார்கள்.

நம் ஆயாவுக்கு அந்தப் பட்டமும் இல்லை. துரை குடும்பத்தோடு கப்பலில் போய் லண்டனில் கைவிடப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்கிய 'ஆயாக்கள் இல்லம்' ஹாக்னி வட்டாரத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை பதித்தது 2022-ல்தான்.

வெள்ளைக்காரன் போனான், சொல் தங்கிவிட்டது. 1975-ல் ஐ.சி.டி.எஸ். திட்டம் வந்தது. காகிதத்தில் அவள் 'உதவியாளர்'. ஆயா என்ற பெயர் போனபோது சம்பளம் என்ற சொல்லும் கூடவே போயிற்று! டில்லி சர்க்கார் தருவது 'மதிப்பூதியம்'. மாநில சர்க்கார் தருவது 'சிறப்புக் காலமுறை ஊதியம்'. மதிப்பு என்றால் குறைவு. சிறப்பு என்றால் மற்ற ஊழியருக்குள்ளது உனக்கில்லை. இதுதான் சர்க்கார் அகராதி! அன்று சீமாட்டி என்று சொல்லிக் கூலியைக் குறைத்தார்கள். இன்று சேவை என்று சொல்லிக் குறைக்கிறார்கள்.

இந்த அகராதியைத் திருத்த முடியுமா? முடியும். அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் பெறும் மதிப்பூதியம் சட்டப்படி ஊதியமே, 1972-ம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2022 ஏப்ரல் 25-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. குஜராத்துப் பெண்கள் வழக்காடிப் பெற்ற தீர்ப்பு அது. ஒரு சொல்லின் பொருளை மாற்றியவர்கள் பண்டிதர்கள் அல்லர். அடுப்பங்கரையில் நின்ற பெண்கள்!

ஆனால் தீர்ப்பு தானாக நடந்து நம் ஊருக்கு வராது. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: காலமுறை ஊதியம், பணிக்கொடை, ஓய்வூதியம். ஆண்களும் கூட நில்லுங்கள். அவள் தூக்கி வளர்ப்பது உங்கள் பிள்ளையைத்தான்.

ஆயா என்ற சொல்லுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பாட்டிக்குத் தரும் மரியாதையும் தொழிலாளிக்குரிய சம்பளமும் அந்தச் சொல்லில் வந்து சேரட்டும்!