தேதி குறித்து வாருங்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் அக்காள்மடத்துக்காரன். 1970-களில் எங்க ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு எல்லாமே வெளியூர் ஆட்டம்தான். பாம்பனில் ரயிலேறிப் போகணும். கைக்காசு இல்லாத பையன் கரையிலேயே நின்னுடுவான். "ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டால், "தீவுக்கா? வண்டியை விட்டா ராத்தங்கணுமே"ன்னு சிரிப்பாங்க. சிரித்தவர்களில் நம்ம கல்லூரி அணியும் உண்டு! ரோட்டுப் பாலம் திறந்தது 1988-ல்தானே.

பிற்பாடு வேலை நிமித்தம் சில ஆண்டுகள் பிஜித் தீவில் இருந்தேன். 1903 முதல் சென்னையிலிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நாடு. அங்கே ரக்பிதான் உயிர். ஜனத்தொகை சுமார் ஒன்பது லட்சம். அவர்கள் 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி இறுதியில் பிரிட்டனை 43-7 என்று வென்றார்கள். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம்.

ஆனால் அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கும் எங்க குறைதான். 1991 உலகக் கோப்பையில் சமோவா, கார்டிஃப் நகருக்கே போய் வேல்ஸை 16-13 என்று தோற்கடித்தது. அப்பேர்ப்பட்ட சமோவாவின் அபியா நகரில் நியூசிலாந்து அணி முதல் டெஸ்ட் ஆட வந்தது 2015-ல்! காரணம் கணக்குத்தான். டெஸ்ட் ஆட்டத்தின் டிக்கெட் வசூல் வழக்கமாக நடத்தும் நாட்டுக்கே சேரும். எப்போதும் விருந்தாளியாகவே போகிறவனுக்கு மைதானம் திருத்தப் பணம் ஏது? மைதானம் சரியில்லைன்னா பெரிய அணி எப்படி வரும்?

இந்தச் சுழலை வெட்டிவிட்டது அட்டவணைதான். 2022-ல் பிஜியின் ட்ருவா அணி சூப்பர் ரக்பி பசிபிக் போட்டியில் சேர்ந்தது. சுவாவிலும் லௌடோகாவிலும் ஆட்டம் என்று தேதி போட்டாச்சு; வெளிநாட்டு அணி வந்தே ஆகணும். 2023 மார்ச்சில் லௌடோகாவில் நடப்புச் சாம்பியன் குருசேடர்ஸை ட்ருவா 25-24 என்று வென்றது. ஒரு புள்ளி வித்தியாசம். சொந்த ஜனங்களின் கூச்சலுக்கு அதில் பங்கு இல்லையா? அதே 2022-ல் சமோவா, டோங்கா வீரர்களுக்காக மோனா பசிபிகா அணியும் சேர்ந்தது. ஆனால் அதற்கு இருப்பிடம் கொடுத்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில். அணி கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

நம்ம விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள். சாயங்காலம் வெயிலும் தாழும். எழுவர் ரக்பி மாதிரி, ஆளுக்கு ஏழு பேர், சின்ன ஆட்டம் என்று வைத்தால் ஒரே மைதானத்தில் இரண்டு நாளில் பல அணிகள் ஆடிவிடலாம். பெரிய ஸ்டேடியம் கேட்கவில்லை. சமன் செய்த தரை, குடிதண்ணீர், பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை, இவ்வளவு போதும்.

தம்பி தங்கைகளே, வருஷம் ஒரு தடவை உங்கள் அணி பாலம் தாண்டி வரட்டும். பஸ் செலவை எங்க செட்டு பார்த்துக்கும். ராத்தங்க எங்கள் வீடுகள் இருக்கு, மீன் குழம்பும் இருக்கு. நீங்கள் தேதியை மட்டும் குறியுங்கள்.