தோட்டத்து நாயும் காட்டுப் பறவையும்



பறவை பார்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கென்று நம் லயங்களிற் சிலர் கருதுகின்றனர். அதற்குக் கண்ணும் காதும் போதும். நமது கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக் காட்டில், 1995இல், யாரும் அறியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார் தீபால் வரகாகொட. அப்பறவையைச் சிங்கராஜ வனத்தில் அவர் கண்ணாற் கண்டதோ 2001 சனவரியில்!

ஆந்தை இருக்கட்டும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர் காதில் விழும் காட்டுக்கோழியும் இலங்கைக்கே உரியது. நமது தேசியப் பறவை. பெரும்பாலும் நிலத்திலேதான் முட்டையிடும். நாயின் பேச்சு இங்கேதான் வருகிறது. பெட்டைக் குட்டியென்றால் சாக்கிற் கட்டித் தேயிலை மலையின் எல்லையிலே விட்டுவருவோர் நம்மிடையே உண்டு. கொல்லவில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொள்வர். அந்தக் குட்டி பட்டினியாற் சாகும்; தப்பினால் காட்டுக்குள் நுழைந்து கூட்டைக் குலைக்கும்.

அத்தகைய குட்டியைக் கண்டால் எடுத்து வாருங்கள். கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது.

முதலிற் கேட்டவர் கையிலே கொடுத்துவிடாதீர்கள். காவலுக்கென்று வாங்கிச் சங்கிலியிலேயே வைத்திருப்பவரும் உளர். வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, தோட்டம் மாறிப் போகும் எண்ணமுண்டா என விசாரியுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடவேண்டும். பெட்டைக்குக் கருத்தடையும் செய்விக்க வேண்டும். இல்லையேல் அடுத்த ஆண்டும் அதே சாக்குத்தான்.

ஒரு மாதம் கழித்துப் புதிய வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிறன்று பறவை பார்க்கப் போகும் வழியில் அது கால்மணி நேர வேலை. நாயை மட்டும் காட்டு வழிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.